லோன் தரும்போது 24 லட்சம்... ஏலத்தில் 14 லட்சம்! ஏற்றிப் போட்ட வீட்டு மதிப்பால் மாட்டுபவர்களுக்கு சட்டத்தில் வழி உண்டா?

வடமதுரை:

சொந்த வீடு என்பது நம்மூர்க்காரர்களின் வாழ்நாள் கனவு. வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர் பக்கம் மில் சம்பளத்தையும், சிறு வியாபாரத்தையும் நம்பி லோன் போட்டு வீடு வாங்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த லோனுக்கு ஆணிவேரே வேல்யூவர் எழுதித் தரும் மதிப்பு ரிப்போர்ட்தான். அதில் விலையை ஏற்றிப் போட்டால் அன்றைக்கு இனிக்கும். தவணை தவறினால் கசக்கும்.

எப்படி ஏறுகிறது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் உண்மையான விலை 18 லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் லோன் தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்.

அப்படிப் பார்த்தால் இந்த வீட்டுக்கு 16 லட்சத்து 20 ஆயிரம்தான் கிடைக்கும். மீதி 1 லட்சத்து 80 ஆயிரமும், பத்திரச் செலவும் கைக்காசு. இங்கேதான் புரோக்கர் நுழைகிறார். "கைக்காசே வேணாம்ணே, நான் பாத்துக்கிறேன்" என்பார். 18 லட்சம் வீடு ரிப்போர்ட்டில் 24 லட்சமாகிவிடும். 20 லட்சம் லோன் சுலபமாக வந்துவிடும்.

விளைவு? முதல் நாளே வீட்டின் விலையைவிட கடன் 2 லட்சம் அதிகம். நாளைக்கு ஏலத்தில் 14 லட்சத்துக்குப் போனால் வீடும் போகும், 6 லட்சம் பாக்கியும் தலைமேல் நிற்கும். ஏலத்தில் வராத பாக்கியைத் தனியாக வசூலிக்க சர்பாசி சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

"ஏன் ஏத்திப் போட்டீங்க" என்று கேட்க முடியுமா?

கேட்கலாம். ஆனால் ஜெயிப்பது கஷ்டம். வேல்யூவருக்கான பீஸ் நம் பாக்கெட்டில் இருந்து போனாலும், ரிப்போர்ட் எழுதப்படுவது லோன் தருபவருக்காக. நாமும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்போம். கூடுதல் மதிப்பு என்று தெரிந்தே லோன் வாங்கியிருந்தால், புகார் கொடுப்பவரே குற்றவாளியாக நிற்க வேண்டிய ஆபத்தும் உண்டு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வீட்டு மதிப்பை ஏற்றிப் போட வேல்யூவர்களை நெருக்கியதாக 2007-ல் நியூயார்க் மாநில அரசு ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டது. 2008-ல் வீட்டுக் கடன் சந்தையே கவிழ்ந்தது. 2010-ல் வேல்யூவரை நெருக்குவதையே சட்டவிரோதமாக்கி சட்டம் வந்தது. வீட்டுக் கடன் வாங்குபவரைக் காக்க அப்படி ஒரு தனிச் சட்டம் இங்கே இல்லை.

ஐதராபாத்தில் நடந்த ஒரு வீட்டுக் கடன் மோசடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பு சொன்னது. வங்கிக்கு சட்டக் கருத்து எழுதித் தந்த வக்கீல், மோசடிக்கு உடந்தை என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் கருத்து தப்பு என்பதற்காக மட்டும் அவரை கிரிமினல் வழக்கில் நிறுத்த முடியாது என்பதே அதன் சாரம். வேல்யூவர் மீது புகார் கொடுப்பவருக்கும் இதே கேள்வி வரும். "அஜாக்கிரதை" என்றால் போதாது, "கூட்டுச்சதி" என்று காட்ட வேண்டும்.

அதேநேரம் வாங்கியவருக்கே தெரியாமல் பில்டரும் புரோக்கரும் போலி எஸ்டிமேட், போலி பத்திரம் வைத்து ஏமாற்றியிருந்தால் கதை வேறு. போலீசில் மோசடி புகார் கொடுக்கலாம். சர்பாசி விவகாரத்தில் சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றாலும், லோன் கொடுத்தவரே மோசடி செய்தார் என்றால் விதிவிலக்கு உண்டு என 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நோட்டீஸ் வந்தால் நாளை எண்ணுங்க!

90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். அடுத்து 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். பலர் இதை வாங்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். அதுதான் பெரிய தப்பு. அந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால், 15 நாளில் காரணத்தோடு பதில் தந்தே ஆக வேண்டும்.

வீட்டில் பொசஷன் நோட்டீஸ் ஒட்டினால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்பு தீர்ப்பாயத்தில் மனு போடலாம். கடனில் 75 சதவீதம் கட்டிவிட்டு வா என்ற பழைய நிபந்தனையை 2004-லேயே உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. ஆனால் அங்கே தோற்று அப்பீல் போனால் பாதி பணம் கட்ட வேண்டும். அதை 25 சதவீதம் வரை குறைக்கலாம்.

ஏலத்தில்தான் பிடி இருக்கு

மதிப்பு விஷயத்தில் வீட்டுக்காரருக்கு உண்மையான பலம் கிடைப்பது இங்கேதான். ஏலத்துக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட வேல்யூவரிடம் புதிதாக மதிப்பு வாங்கித்தான் ஆரம்ப விலை வைக்க வேண்டும். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். இதில் சமரசமே கிடையாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

அன்றைக்கு 24 லட்சம் என்று எழுதிய அதே நிறுவனம் இன்றைக்கு 14 லட்சம் என்று ஏலம் விட்டால், இரண்டு ரிப்போர்ட்டையும் தீர்ப்பாயத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது பொய்?" என்று கேட்கலாம். ஏலமே ரத்தாகிவிடும் என்று உறுதி இல்லை. ஆனால் மறு மதிப்பீடு கேட்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இன்னொன்று. முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். இதை 2023-லும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு ஓடினால் பலன் இல்லை.

வேறு கதவுகள்

பீஸ் கூடுதல், ரிப்போர்ட் நகல் தர மறுப்பு போன்ற குறைகளுக்கு முதலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் வங்கி மீது ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடமும், ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனி என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடமும் போகலாம். திண்டுக்கல் நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் ஏலத்தை நிறுத்த நம்ப வேண்டிய இடம் தீர்ப்பாயம்தான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

2024 அக்டோபர் முதல் புது லோன்களுக்கு எல்லா கட்டணத்தையும் ஒரே தாளில் காட்டித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வேல்யூவருக்குப் போகும் பணமும் அதில் அடக்கம். அந்தத் தாளையும், மதிப்பு ரிப்போர்ட் நகலையும் லோன் வாங்கும் அன்றே கேட்டு வாங்கி பீரோவில் பூட்டி வைப்பது நல்லது.

புரோக்கர் சொல்லும் விலையை நம்புவதற்கு முன், பக்கத்து மனை போன மாதம் எவ்வளவுக்குப் போனது என்று நாலு பேரிடம் விசாரித்தால் போதும். கூடுதலாகக் கிடைப்பது பணம் அல்ல, கூடுதல் கடன்!