பாலை நிறுத்தினால் தீருமா பாராதைராய்டு?

"ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா? பால், தயிர், கேழ்வரகை நிறுத்துங்கள், தானாக இறங்கிவிடும். இதற்குப் போய்க் கழுத்தில் கத்தி வைப்பார்களா?" பாராதைராய்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களுக்குச் சொந்தபந்தங்கள் தவறாமல் சொல்லும் யோசனை இது. அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அடிப்படையே பிசகு.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் ஹார்மோன். பெரும்பாலான நோயாளிகளிடம் இவற்றில் ஒன்று மட்டும் கட்டியாகி, தேவைக்கு மேல் சுரக்கிறது. அப்போது ரத்தத்தில் ஏறும் கால்சியத்தில் பெரும்பங்கு எலும்பிலிருந்து கரைந்து வருவது. சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் ஹார்மோன் இன்னும் கூடும், எலும்பு இன்னும் கரையும். அதனால்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் வழக்கமான உணவைக் குறைக்கச் சொல்வதில்லை.

ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியது வேறு. தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் ஈடுகட்ட வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயாசைடு வகை மாத்திரையும், மனநலச் சிகிச்சைக்குத் தரும் லித்தியமும் கால்சியத்தை ஏற்றக்கூடியவை. அவற்றைச் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

"ஸ்கேனில் கட்டியே தெரியவில்லை, அப்புறம் என்ன வியாதி?" என்பது அடுத்த வாதம். வியாதியை உறுதிசெய்வது ரத்தப் பரிசோதனை. கால்சியத்தையும் ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று சர்ஜனுக்குக் காட்டுவதோடு ஸ்கேனின் வேலை முடிந்தது. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்ல்ஸ் மார்ட்டெல், எலும்பு கரைந்து அரையடி உயரம் குறைந்துபோனவர். கழுத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து தேடியும் கட்டி அகப்படவில்லை. 1932இல், ஏழாவது ஆபரேஷனில், அது நெஞ்சுக்கூட்டுக்குள் கிடைத்தது. கட்டி கண்ணில் படாத அத்தனை வருஷமும் அவர் எலும்பு கரைந்துகொண்டுதான் இருந்தது.

"ஆபரேஷன் ஆனபிறகு விரல் மரக்கிறது, ஏதோ கெட்டுப்போச்சு" என்பது மூன்றாவது. வீட்டுக்கு வந்த இரண்டாம் மூன்றாம் நாள், காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது விரல் நுனி குறுகுறுக்கலாம். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கலாம். இழந்த கால்சியத்தை எலும்பு இப்போது திரும்ப இழுத்துக்கொள்கிறது. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த மற்றச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் கால்சியம் மாத்திரை. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும். தைராக்சின் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். மாத்திரை போட்டும் குறுகுறுப்பு அடங்காவிட்டாலோ, கைகால் இழுத்துப் பிடித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கழுத்து வீங்கி மூச்சு திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

"காலமெல்லாம் மாத்திரைதான், குரலும் போய்விடும்" என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. ஒரு சுரப்பியை மட்டும் எடுத்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அனுபவமுள்ள சர்ஜன் கையில் நிரந்தரப் பாதிப்பு அரிது. தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதல்ல என் வாதம். வயது ஐம்பதைத் தாண்டி, கால்சியம் லேசாக மட்டும் கூடி, சிறுநீரகமும் எலும்பும் நன்றாக இருப்பவர்களை டாக்டர்கள் கண்காணிப்பிலேயே வைத்திருப்பதுண்டு. அதை முடிவுசெய்யப் பரிசோதனை முடிவுகள் இருக்கின்றன. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் தையல் ஆறியதோடு கணக்கு முடிவதில்லை. ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியான அளவில் இருந்தால்தான் குணம் என்று மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. அந்த ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பாலையும் தயிரையும் விட வேண்டாம்.