மதிப்பெண் குறைந்தால் மதிப்பும் குறையுமா?

டேராடூன் இந்திய ராணுவ அகாடமியிலும் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கிறது. அது முடிந்ததும் பெற்றோர் தங்கள் பிள்ளையின் இரு தோள்களிலும் நட்சத்திரம் பொருத்துவார்கள். மறுநாள் நாளிதழ்களில் அந்தப் படம் வரும். அந்தப் பிள்ளைகளோடு ஒன்றாகப் பயிற்சியைத் தொடங்கி, பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட வராது. அவர்களில் சிலர் காயம்பட்டுத் திரும்பியவர்கள். சிலர் ஒழுங்கு மீறியதற்காக விலக்கப்பட்டவர்கள். வேறு சிலரோ, பாடத் தேர்வில் தேறவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பப்பட்டவர்கள். ஊர் திரும்பும் இந்த இளைஞர்களை உறவும் தெருவும் ஏதோ குற்றம் செய்துவிட்டு வந்தவர்களைப் போலப் பார்க்கின்றன. நாளடைவில் அவர்களும் தங்களை அப்படியே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் பார்வை அநியாயமானது. அதைவிட முக்கியமாக, பயிற்சி முறையின் விதிகளே இதை ஏற்கவில்லை. பாடத்தில் தோற்றவர் வேறு, நடத்தையில் தவறியவர் வேறு என்று விதிகள் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிரிவினையை நாமும் கடைப்பிடித்தால் மீண்டு வரும் பாதையில் பாதித் தூரம் கடந்த மாதிரி.

புணேவை அடுத்த கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள், இங்கே சேர்கிறார்கள். மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். படைப் பயிற்சியோடு பட்டப் படிப்பும் உண்டு. பட்டம் தருவது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். பாடத்தில் தேறாத கேடட் முதலில் ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளப்படுவார். உடன் வந்தவர்கள் மேலே போக, அவர் ஆறு மாதம் இளையவர்களோடு மறுபடியும் உட்கார வேண்டும். அங்கே இதை ‘ரெலிகேஷன்’ என்கிறார்கள். அதற்குப் பிறகும் தேறாவிட்டால் விலக்கம். ஆனால், யுபிஎஸ்சி வெளியிடும் தேர்வு அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். படைப் பயிற்சி நிலையங்களிலிருந்து ராஜினாமா செய்தவர்களும் ஒழுங்கு நடவடிக்கையின் பேரில் விலக்கப்பட்டவர்களும் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது என்கிறது அது. அதிகாரிக்குரிய குணங்கள் இல்லை என்று நீக்கப்பட்டவர்களையும் தடுக்கிறது. பாடத்தில் தோற்றவர்களை இந்த வரிசையில் அது சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் குடும்பங்கள் செய்யும் ஒரு பெரிய பிழையைச் சொல்லியாக வேண்டும். “ஃபெயிலாகி வந்தான் என்று சொல்வதைவிட அவனே விட்டுவிட்டு வந்தான் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும்” என்று எண்ணி, விலக்க உத்தரவு வருவதற்கு முன்பே பிள்ளையை ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதும் அந்தக் கடிதம், திரும்பிப் போகும் கதவை அவர்கள் கையாலேயே சாத்திவிடக்கூடும். விலக்கத்தின் காரணம் பாடத் தேர்வு என்று எழுத்தில் இருப்பதே அந்த இளைஞருக்குப் பாதுகாப்பு. வெட்கத்துக்குப் பயந்து எடுக்கும் முடிவு எப்படித் திரும்பித் தாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பாடத்தில் தோற்றால் தகுதியே இல்லை என்று ஆகாதா என்று கேட்கலாம். இவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்: கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600. அதைத் தாண்டியவர்களுக்கு எஸ்எஸ்பி எனப்படும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, அதற்கும் 900. உளவியல் சோதனை, குழுவாகத் தடைகளைக் கடக்கும் பணிகள், நேர்காணல் என்று பல கோணங்களில் பார்த்துத்தான், இவரிடம் தலைமை ஏற்கும் குணம் இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். பின்னால் இயற்பியல் தாளில் வந்த குறைந்த மதிப்பெண் அந்தக் கணிப்பைப் பொய்யாக்கிவிடாது. இந்த மூன்றாண்டுப் பாடத்திட்டத்தை, இந்த வேகத்தில், இந்தச் சூழலில் அவரால் முடிக்க முடியவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

சூழல் என்பது சாதாரண விஷயம் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து உடற்பயிற்சி, கவாத்து. குளித்து, சீருடை மாற்றி, சாப்பிட்டு, சைக்கிளில் வரிசை குலையாமல் மிதித்துக்கொண்டு வகுப்புக்கு ஓட வேண்டும். இரண்டு மணி நேரம் உடம்பைப் பிழிந்தெடுத்துவிட்டு வந்து உட்காரும் பையனுக்கு முதல் பாடவேளையிலேயே கண் சொருகும். விழித்திருக்கச் சுவரோரம் நின்றுகொண்டே குறிப்பெடுப்பவர்கள் உண்டு. மாலையில் விளையாட்டு, அதற்குப் பிறகுதான் படிப்பு நேரம். சீனியர்கள் கொடுத்த தண்டனை மிச்சம் இருந்தால் அதுவும் போச்சு. இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. யுபிஎஸ்சி நடத்தும் இந்த எழுத்துத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. அகாடமியில் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்து அங்கே போகும் மாணவர் பாடத்தோடு மொழியையும் சேர்த்துச் சுமக்கிறார். இவற்றைச் சாக்காகச் சொல்லவில்லை. இதே சூழலில் தேறியவர்கள்தான் பெரும்பாலானோர். ஆனால், தோல்விக்குக் காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது தூக்கத்தையும் நேரத்தையும் மொழியையும் அடிப்படைக் கணிதத்தையும்தான். குணத்தைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

இதற்கு வரலாற்றில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளபதியாகப் புகழ்பெற்ற ஜார்ஜ் பேட்டன் 1904-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்தார். முதலாண்டுக் கணிதத்தில் தேறவில்லை. அந்த ஆண்டை மறுபடி படித்து, நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்து 1909-ல் வெளியே வந்தார். அதே அகாடமியில் 1851-ல் சேர்ந்த, பின்னாளில் ஓவியரான ஜேம்ஸ் விஸ்லருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. வேதியியலில் தேறாததாலும், நடத்தைக் கணக்கில் கரும்புள்ளிகள் ஏறியதாலும் 1854-ல் வெளியேற்றப்பட்டார். அடுத்து அவர் போனது அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறைக்கு. செப்புத் தகட்டில் வரைபடம் செதுக்கும் வேலையைச் சில மாதங்களில் அங்கே கற்றுக்கொண்டு, 1855-ல் பாரிஸுக்குக் கிளம்பினார். 1871-ல் தன் தாயை அவர் வரைந்த ஓவியம் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தின் உடைமை. அகாடமியில் இருந்தபோதே அவர் சிறந்து விளங்கிய பாடம் ஓவியம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘வெற்றி பெற்ற இரண்டு பேரைக் காட்டுகிறீர்கள், காணாமல் போன ஆயிரம் பேரை யார் கணக்கெடுத்தது’ என்ற மறுப்பு நியாயமானது. தோற்றவரெல்லாம் மேதையாவார் என்பது பொய் ஆறுதல். அதை எந்த இளைஞரிடமும் சொல்லக் கூடாது. இந்த இருவரும் நிரூபிப்பது ஒரு சிறிய உண்மையை மட்டும்தான்: ஒரு பாடத்தில், ஒரு வயதில் வந்த தோல்வி அந்த மனிதரின் மீதித் திறமைகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பேட்டனின் கணிதத் தோல்வி அவருடைய தலைமைப் பண்பை அளக்கவில்லை. விஸ்லரின் வேதியியல் தோல்வி அவர் கைவிரலை அளக்கவில்லை. வீட்டுக்கு வரும் பிள்ளை புகழ்பெறத் தேவையில்லை; ஒரு பட்டமும் ஒரு நல்ல வேலையும் நிம்மதியும் அமைந்தால் போதும். அதற்கு அவரிடம் மிச்சமிருக்கும் திறமை தாராளமாகப் போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது. அதிகாரியின் முடிவில் முப்பது வீரர்களின் உயிர் இருக்கிறது. பீரங்கிக்கும் போர்க்கப்பலுக்கும் விமானத்துக்கும் கணிதமும் அறிவியலும் தெரிந்தே ஆக வேண்டும். தரத்தைத் தளர்த்தச் சொல்கிறீர்களா என்று படையில் இருந்தவர்கள் கேட்பார்கள். தரத்தைத் தளர்த்தவே கூடாது. தேறாதவரை விலக்குவது அகாடமியின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. ஆனால், யாரை உள்ளே வைத்திருப்பது என்பது ஒரு கேள்வி; வெளியே அனுப்பப்பட்டவரை எப்படி நடத்துவது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் கண்டிப்பாக இருப்பதற்காக இரண்டாவது கேள்வியில் கல்நெஞ்சாக இருக்க வேண்டியதில்லை.

‘படிக்காமல் இருந்தது அவன் தவறுதானே’ என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பல சமயம் அவர் தவறும் அதில் இருக்கும். மறைக்க வேண்டாம். வெளியேறிய இளைஞர் ஒரு தாளை எடுத்து, எந்தப் பாடம், எந்தப் பருவம், எப்போது சறுக்கத் தொடங்கியது, யாரிடமாவது உதவி கேட்டேனா என்று நேர்மையாக எழுதிப் பார்க்க வேண்டும். சோம்பல் காரணம் என்றால் அதையும் எழுத வேண்டும். ‘என் தலைவிதி’ என்று புலம்புவதும், ‘ஆசிரியர்கள் பழிவாங்கினார்கள்’ என்று திட்டுவதும் இரண்டுமே அடுத்த கல்லூரியில் அதே தோல்வியைக் கொண்டுவந்து நிறுத்தும். பொறுப்பை ஏற்பது என்றால் தன்னைத் தானே சபித்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. எது உடைந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது.

பிறகு காகித வேலை. விலக்க உத்தரவின் நகல், முடித்த பருவங்களின் மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று, மாற்றுச் சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். உத்தரவில் காரணம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேரும்போது பெற்றோரும் ஜாமீன்தாரர்களும் கையெழுத்திட்ட பத்திரத்தையும் படிக்க வேண்டும். கேடட்டின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காரணத்தால் பயிற்சி பாதியில் நின்றால், செலவைத் திருப்பிக் கேட்க அரசுக்கு அது இடம் கொடுக்கிறது. பணம் கேட்டுக் கடிதம் வந்தால் பதறாமல், பதிலை எழுத்தில், வழக்கறிஞரின் துணையோடு கொடுக்கலாம். அடுத்தது பட்டம். பத்தொன்பது, இருபது வயதில் கல்லூரியில் சேர்வது தாமதமே இல்லை. பட்டம் பெற்ற பிறகு சிடிஎஸ் எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வு எழுதி டேராடூனுக்கு ஏறக்குறைய 24 வயது வரையிலும், பரங்கிமலைக்கு 25 வயது வரையிலும் முயலலாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படித்து, பழைய விலக்கத்தை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். சீருடையே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதில் இழுக்கில்லை.

அரசும் அகாடமிகளும் செய்ய வேண்டியவை மிச்சமிருக்கின்றன. பயிற்சிக்கும் பணி ஆணைக்கும் இடையில் இருக்கும் கேடட் நம் சட்டத்தில் இரண்டுங்கெட்டான். பயிற்சியில் காயம்பட்டு ஊனமுற்று வெளியேறியவர்கள் முன்னாள் படைவீரர் என்ற தகுதிகூட இல்லாமல் தவித்ததை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதைத் தொடர்ந்து முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கே இத்தனை காலம் ஆனது என்றால், பாடத்தில் தோற்றவரை யார் நினைப்பார்கள்? அவர்களுக்குப் பெரிய செலவு வைக்கும் சலுகை எதுவும் தேவையில்லை. 2021-ல் யுஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கி முறையில், ஒரு கல்லூரியில் முடித்த பாடங்களை இன்னொரு கல்லூரிக்கு எடுத்துச் செல்ல வழி இருக்கிறது. வெளியேறும் நாளிலேயே அந்தக் கணக்கு கேடட்டின் கையில் இருக்க வேண்டும். முதல் தேர்வில் சறுக்கியவுடனே தனிப்பாடமும் மொழிப் பயிற்சியும் தர வேண்டும். பாடத்தில் தோற்றவரிடம் பயிற்சிச் செலவைக் கேட்பதில்லை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். வெளியேறுபவரோடு ஓர் உளவியல் ஆலோசகர் அமர்ந்து பேசிய பிறகே அவர் ரயில் ஏற வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கும் சுற்றத்தாருக்கும். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல் சில வாரங்களுக்கு ‘அடுத்து என்ன’ என்று கேட்காதீர்கள். தூங்கவும் சாப்பிடவும் விடுங்கள். கல்யாண வீட்டில் ‘எப்போது பாஸிங் அவுட்’ என்று யாராவது கேட்டால், அவன் தலை குனிவதற்கு முன் நீங்களே பதில் சொல்லுங்கள்: “பாடத்தில் தேறவில்லை, திரும்பி வந்துவிட்டான், இப்போது இங்கே படிக்கிறான்.” இந்த ஒரு வரியை அப்பாவும் அம்மாவும் நிமிர்ந்து சொன்னால் ஊர் வாய் தானாக அடங்கும். பேசாமல் அறைக்குள்ளேயே முடங்கினாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தாலோ தயங்காமல் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். நாட்டுக்காகச் சீருடை அணிய பதினேழு வயதில் முன்வந்த பிள்ளை அவன். அந்த மனசு எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. அவனை மரியாதையோடு வரவேற்பது நம் கடமை.