புதிய ஆபீஸ் போடும் முன் பழைய புரோகிராமைப் பாருங்கள்

ஆபீஸ் 2016, 2019 தொகுப்புகளுக்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதியதற்கு மாறுவது பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அசோக் நகர் போன்ற பகுதிகளில் வீட்டின் முன்னறையிலேயே கடை நடத்துபவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கென்று ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் அதில் ஓடுமா?

வேர்ட் கடிதங்கள் பெரும்பாலும் அப்படியே திறக்கும். சிக்கல் மேக்ரோக்களில்தான். ஆபீஸ் 2019 முதல், நாம் மாற்றாவிட்டால் 64 பிட் பதிப்புதான் இன்ஸ்டால் ஆகும். 32 பிட் ஆபீஸுக்காக எழுதப்பட்டு, விண்டோஸ் வசதிகளை நேரடியாக அழைக்கும் மேக்ரோ அதில் பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். 32 பிட் ஆக்டிவ்எக்ஸ் கண்ட்ரோல்களும் இயங்காது. ஆக்சஸ் 97 பைல்களை ஆக்சஸ் 2013 முதல் வந்த பதிப்புகள் திறப்பதே இல்லை.

என்னைக் கேட்டால், பழைய கம்ப்யூட்டரை உடனே எக்ஸ்சேஞ்சில் தள்ளக் கூடாது. பைல்களை பேக் அப் எடுத்து, புதியதில் ஒரு பில், ஒரு மாதக் கணக்கு, ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் 64 பிட்டை நீக்கி 32 பிட் ஆபீஸைப் போட்டுப் பார்க்கலாம். அல்லது எழுதியவரிடமே திருத்தித் தரச் சொல்லலாம். மேக்ரோவின் பாஸ்வேர்டையும் அவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். கணக்கு உங்களுடையது, சோதிக்க வேண்டியவரும் நீங்கள்தான்.