வெட்டிப்போட்ட உடுப்பு

யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் வருகிறாள் அந்தக் கல்லூரிப் பெண். குளிக்கிறாள். பிறகு தான் போட்டிருந்த உடுப்பை எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். துணி போய்விட்டது, அன்று இரவு பூங்காவில் அவளுக்கு நேர்ந்த பாலியல் வன்முறை போகவில்லை. இந்தக் காட்சியில் ஏறக்குறைய பேச்சே கிடையாது.

1961-ல் வந்த 'சம்திங் வைல்ட்' இப்படித்தான் தொடங்குகிறது. (1986-ல் ஜொனாதன் டெம்மி இதே பெயரில் எடுத்தது வேறு படம்.) வந்த வேகத்தில் மறந்துபோன இந்தப் படத்தைப் புதுப்பித்து, 2017 ஜனவரியில் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது கிரைட்டீரியன் நிறுவனம். அமெரிக்காவுக்கான அந்த வட்டு நம் ஊர் பிளேயரில் ஓடாது. எல்லா மண்டலத்து வட்டையும் ஏற்கிற பிளேயர் வேண்டும். அந்தச் சிரமத்தைப் படலாம் என்றுதான் சொல்வேன்.

இயக்குநர் ஜாக் கார்ஃபைன் 1930-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யூதர். ஆஷ்விட்ஸ் உட்படப் பல வதைமுகாம்களைக் கடந்து, 1945-ல் பெர்கன்-பெல்சனில் உயிரோடு மீண்டவர். குடும்பத்தைப் பறிகொடுத்தவர். ஒளிப்பதிவாளர் ஒய்கன் ஷுஃப்டானும் நாஜிகளால் ஜெர்மனியை விட்டு ஓடி வந்தவர்தான். கதாநாயகி கரோல் பேக்கர் அப்போது கார்ஃபைனின் மனைவி. சொந்தக் கம்பெனி வைத்து, நியூயார்க் தெருக்களிலேயே எடுத்தார்கள்.

மறுநாள் அந்தப் பெண் சுரங்க ரயிலில் போகிறாள். நெருக்குகிற கூட்டத்தில் மயங்கி விழுகிறாள். போலீஸ் வீட்டில் கொண்டுவந்து விட்டதும், மகளுக்கு என்ன ஆனது என்பதைவிட, வாசலுக்குப் போலீஸ் வந்ததே அம்மாவுக்குப் பெரிதாகப் படுகிறது. மில்ட்ரெட் டனக் நடித்த இந்த அம்மாவை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். கெட்டவள் இல்லை, அக்கம்பக்கம் என்ன பேசும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவள். அவளிடம் மகள் எப்படி வாய் திறப்பாள்? ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள்.

அதிர்ச்சி என்பது அழுகையாகவும் அலறலாகவும்தான் வெளிப்படும் என்று சினிமா நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. கார்ஃபைன் அப்படிக் காட்டவில்லை. அவள் கடையில் வேலை பார்க்கிறாள், வாடகை அறையில் தூங்குகிறாள், யாராவது கிட்டே வந்தால் உடம்பு சுருங்குகிறது. அவ்வளவுதான். முகாமிலிருந்து வந்தவருக்கு அந்தச் சுருக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கிறது.

பின்பாதியில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பாலத்திலிருந்து குதிக்கப் போனவளைக் காப்பாற்றுகிற மெக்கானிக், அவளைத் தன் நிலவறை வீட்டில் பூட்டிவைக்கிறான். கடைசியில் கதவு திறந்து கிடக்கிறது. வெளியே போனவள் அவனிடமே திரும்பி வருகிறாள். இதைக் காதல் என்று ஏற்க என்னால் முடியவில்லை. ஆனால் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அடைபட்டுக் கிடந்தவர்கள் திறந்த கதவின் முன்னால் என்ன செய்வார்கள் என்பது வெளியில் நிற்கிற நமக்குப் புரிந்துவிடுமா?

படத்துக்கு இசை ஏரன் கோப்லண்ட். திரைப்படத்துக்கு அவர் கடைசியாக அமைத்தது இதுதான். படம் எடுபடாததால் அந்த இசையையே 1964-ல் 'மியூசிக் ஃபார் எ கிரேட் சிட்டி' என்ற தனிப் படைப்பாக மாற்றினார். இசைக்கு மறுவாழ்வு கிடைக்க மூன்று வருடம் ஆனது, படத்துக்கு ஐம்பத்தைந்து வருடத்துக்கும் மேல்.

கார்ஃபைன் இயக்கியது மொத்தம் இரண்டே படங்கள். 2019 டிசம்பரில், 89 வயதில் காலமானார். அதற்கு முன்பே இந்த வட்டுக்காக உட்கார்ந்து பேட்டி கொடுத்திருக்கிறார். படம் முடிந்ததும் வட்டை வெளியே எடுத்துவிடாதீர்கள், அந்தப் பேட்டியையும் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது போன்ற ஒன்றைக் கடந்து வந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், முதல் காட்சி இன்னது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள்.