மெழுகுவர்த்திமேல் பழி

ஆத்தூர்ப் பக்கம் சில வீடுகளில் பழைய பெட்ரோல் அம்பாசடர் இன்னும் நிற்கிறது. கிளம்பவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள், அப்புறம் காயில், அப்புறம் கார்புரேட்டர். பில்தான் ஏறுகிறது. கடைசியில் "பழசு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தியே நின்றுவிட்டது, போட்டால் போனதுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் பிளக்குக்குப் பெயர் 'பூஜி'. மெழுகுவர்த்திக்கும் அதே சொல். தீக்குச்சி நமுத்திருந்தால் மெழுகுவர்த்தியை மாற்றி என்ன பயன்?

காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட குறடால் எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். (பெட்ரோல் கசிவு இருந்தால் வேண்டாம்.) நீலப்பொறி 'டப்'பென்று விழுந்தால் காயில் நல்லது, மூடி, ரோட்டார், பிளக் ஒயர்களைப் பாருங்கள். மஞ்சளாய், நோஞ்சானாய் விழுந்தால் முதல் சந்தேகம் பாயிண்ட், கண்டன்சர்மேல்தான். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. இருக்கவேண்டும். புதுப் பாயிண்ட்டும் சீக்கிரமே கருகினால் கண்டன்சர்தான் திருடன்.

எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்பவர்களும் உண்டு. ஓடும்வரை சுகம்தான். கல்வராயன் மலைப் பாதையில் அது செத்தால் வண்டியைக் கட்டித்தான் இழுக்கவேண்டும். பாயிண்ட் என்றால் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். ஒரு கண்டன்சரும் டேஷ்போர்டில் கிடக்கட்டும்.