பக்கத்து வீட்டில் சாவி



குளிர் தொடங்கினால் போதும், நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. “டாஹோ பக்கம் சின்னதா ஒரு டவுன்ஹோம் பார்க்கிறோம். நீங்க ஏற்கெனவே வாங்கியிருக்கீங்களாமே, எப்படி?” ஏரியும் பனிச்சறுக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன, பே ஏரியாவிலிருந்து சுமார் இருநூறு மைல்தான். ஆசை வராமல் இருக்குமா? ஒவ்வொருவருக்கும் போனில் சொன்ன கதையை இந்த மாதம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வீடு பார்த்தது 2022 ஜூலையில், டாஹோவுக்குப் பக்கத்து ஊரான டிரக்கியில். கோடையில் பார்த்தது முதல் தப்பு. அங்கே டானர் ஏரி கிட்டத்தட்ட மூன்று மைல் நீளத்துக்குக் கிடக்கிறது. வடகரை நெடுகப் பொதுப் படகுத்துறைகள். யார் வேண்டுமானாலும் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏற மறுத்தார்கள். சாயங்காலமே விலை பேசிவிட்டோம்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 1846இல் மாட்டு வண்டிகளில் மேற்கே வந்த டானர் குழுவினர் இங்கே பனியில் மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. சிலையின் பீடம் 22 அடி உயரம். அந்த வருஷம் பனி எவ்வளவு உயரம் கிடந்தது என்று காட்டத்தான் அப்படிக் கட்டினார்கள். நாங்கள் ஐஸ்கிரீமும் கையுமாக அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பீடத்தை நிமிர்ந்து பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை.

வாங்கிய செய்தியைக் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “நீங்க இல்லாதப்போ சாவி யாருகிட்ட இருக்கும்?” நான் சிரித்தேன். “சாவியே கிடையாதும்மா, நம்பர் பூட்டு.”

அந்தக் குளிர்காலம்தான் வந்தது. டானர் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பனி ஆய்வுக்கூடம் 2022-23 பருவத்தில் அளந்த மொத்தப் பனிப்பொழிவு 754 அங்குலம். 1946இல் தொடங்கிய அதன் பதிவேட்டில் இதை மிஞ்சிய வருஷம் 1951-52 ஒன்றுதான். மின்சாரம் போனது. எங்கள் ஹீட்டர் எரிவாயுவில் ஓடுவது, ஆனால் அதன் விசிறி சுழல மின்சாரம் வேண்டும். வீடு குளிர்ந்து, சமையலறைச் சுவருக்குள் குழாய் உறைந்து வெடித்தது. உறைந்திருக்கும் வரை ஒரு சொட்டுகூடக் கசியாது, இளகும்போதுதான் கொட்டும். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் வசிப்பவர் பனிச்சறுக்கு மையத்தில் லிஃப்ட் இயக்கும் ஒரு அம்மா. சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். குளிரில் பேட்டரி செத்துப்போய் நம்பர் பூட்டு திறக்கவில்லை. ஐ-80 நெடுஞ்சாலை மூடிக் கிடந்ததால் எங்களாலும் போக முடியவில்லை. அவரும் இன்னொரு பக்கத்து வீட்டுக்காரரும் தண்ணீர் வால்வு இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளக் கழியைக் கண்டுபிடித்து, ஆளுயரப் பனியைத் தோண்டி, வால்வை மூடினார்கள்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை இவை. வீட்டை ஒருமுறையாவது பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். கூரைப் பனி சரிந்து எங்கே விழுகிறது? வாசலிலா, கார் நிற்கும் இடத்திலா, எரிவாயு மீட்டர் மேலா? ஈரமும் கனமுமான அந்தப் பனியை உள்ளூர்க்காரர்கள் ‘சியரா சிமெண்ட்’ என்பார்கள். தெருப் பனியை வாரும் வண்டி போன பிறகு உங்கள் வாசலில் ஒரு வரப்பு நிற்கும். அதை யார் அள்ளுவது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டவுன்ஹோமில் கூரை, வெளிச்சுவர், பாதை இவற்றையெல்லாம் பெரும்பாலும் எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கம்தான் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஏரியைப் பார்ப்பதற்கு முன்னால் சங்கத்தின் கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, சங்கத்தின் விதிகள், வரவு செலவு, சேமநிதி விவரம் எல்லாவற்றையும் விற்பவர் உங்களிடம் தர வேண்டும். பொதுப் பகுதிகளைச் சங்கம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்த்து, எது எப்போது பழுதாகும், எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டிருக்க வேண்டும். சேமநிதி மெலிந்திருந்தால், கூரை மாற்றும் வருஷத்தில் ‘சிறப்பு வசூல்’ என்று ஒரு கடிதம் வரும். குறைந்த மாதச் சந்தாவைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்துபோனோம். அது குறைவாக இருந்ததற்குக் காரணம் அடுத்த வருஷம் தெரிந்தது.

காப்பீடு இன்னும் பெரிய தலைவலி. 2021இல் கால்டோர் காட்டுத்தீ சியரா மலையையே தாண்டி வந்தபோது சவுத் லேக் டாஹோ ஊரையே காலி செய்தார்கள். இப்போது காட்டோரத்து வீடுகளுக்குப் பாலிசி தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. வேறு வழியில்லாதவர்களுக்கு ‘ஃபேர் பிளான்’ என்ற காப்பீடு இருக்கிறது. விலை அதிகம், பாதுகாப்பு குறைவு. சங்கத்தின் பொதுப் பாலிசி எதையெல்லாம் தாங்கும், உங்கள் சொந்தப் பாலிசி எங்கே தொடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிவிடலாம்’ என்பவர்கள் ஊர் விதி, சங்க விதி இரண்டையும் படித்த பிறகு கணக்குப் போடுங்கள். குறுகிய கால வாடகைக்கு இரண்டுமே கடிவாளம் போடலாம்.

இப்போதெல்லாம் டிரக்கியிலிருந்து கிளம்பும்போது முக்கிய வால்வை மூடி, குழாய்களையெல்லாம் திறந்து தண்ணீரை வடித்துவிடுகிறோம். ஹீட்டரை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விட்டு வருகிறோம்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. அந்த ஊரில் ஏராளமான வீடுகள் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றன. பனி வாரும் ஓட்டுநருக்கும் லிஃப்ட் இயக்குபவருக்கும் குடியிருக்க இடம் கிடைப்பதில்லை. உள்ளூரில் வேலை செய்பவர்களுக்கு நீண்ட கால வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு டிரக்கி நகர நிர்வாகமே ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. அந்தப் பூட்டிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. எங்களைக் காப்பாற்றியதோ பூட்டாத பக்கத்து வீடு.

நம்பர் பூட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பூட்டுப் போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மாவின் சமையலறையில், அடுப்புக்கு மேலே ஆணிகளில் ஐந்து சாவிகள் தொங்குகின்றன, ஐந்தும் பூட்டிய வீடுகளுடையவை. எங்கள் சாவியில் மட்டும் பட்டு நூல் கட்டியிருக்கிறது. என் அம்மா ஊரிலிருந்து அனுப்பியது. வசந்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா தன் மகள் வீட்டுக்குப் போகும்போது அவருடைய சாவி எங்களிடம் வரும்.

வீடு பார்க்கப் போகிறவர்களே, பக்கத்துக் கதவையும் ஒருமுறை தட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்