மணிக்கூடு பிழையென்றால் கணினியையே மாற்றுவதா?

கொஞ்சம் நீளமான பதிவு. கணினிப் பக்கமே போகாதவர்கள்கூட, கீழே பள்ளிவாசல் திரையைப் பற்றி வருகிற இடத்தையாவது வாசித்துவிடுங்கள்.

பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு கிழமையாக ஒரே கதைதான். வாசிகசாலையில் இருக்கும் ஆறு கணினிகளும் "லினக்ஸ் போட்ட நாளிலிருந்து நேரத்தைப் பிழையாகக் காட்டுது, நெட்டும் வேலை செய்யுதில்லை", ஆகவே வசூல் செய்து புதிதாக வாங்குவோம் என்கிறார்கள். வசூலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நம் ஊரில் வசூலுக்குக் காசு தருகிறவர்களில் பாதிப்பேர் நாட்கூலிக்குப் போகிறவர்கள். அந்தக் காசில் கைவைக்க முன்னர் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: நேரம் எவ்வளவு பிழை?

இதை யாருமே கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். நான்கு கணினிகளில் சரியாக ஐந்தரை மணித்தியாலம் கூடக் காட்டியது. காலை 10 மணிக்குப் பிற்பகல் 3.30. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது என்பது ஓ/எல் புவியியல் படித்தவருக்கும் தெரியும். அப்படியென்றால் மணிக்கூடு பழுதாகவில்லை, இரண்டு பேர் அதை இரண்டு விதமாக வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணினியை அணைத்த பிறகும் மதர்போட்டில் ஒரு சின்ன மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸோ அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதனுடன் ஐந்தரையைக் கூட்டிக் காட்டும். ஒரே கணினியில் இரண்டும் இருந்தால் இழுபறிதான். நெட் கிடைத்ததும் லினக்ஸ் தன்னைத் தானே சரிசெய்து, உள்ளே 4.30 என்று எழுதிவிடும். அடுத்த முறை விண்டோஸைத் திறக்கிறவர் பார்ப்பது அதிகாலை 4.30. அவர் கையால் திருத்துவார். திரும்பவும் லினக்ஸில் பிழைக்கும். பிறகு "லினக்ஸ் சரியில்லை" என்று தீர்ப்பு வரும். விண்டோஸ் மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை என்று எனக்கு விளங்கவில்லை!

இதற்கு மருந்து ஒரே வரி. டேர்மினலைத் திறந்து 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால், லினக்ஸும் உள்மணிக்கூட்டை ஊர் நேரமாகவே வாசிக்கும். விஷயம் தெரிந்தவர்கள் இதை விரும்புவதில்லை. கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளும் நாடுகளில் இது வருடத்துக்கு இரண்டு முறை குழப்பம் தரும். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. விண்டோஸும் லினக்ஸும் பகிர்ந்திருக்கும் வாசிகசாலைக் கணினிக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். லினக்ஸ் மட்டும் உள்ள கணினியில் இதைச் செய்யத் தேவையில்லை, பொது நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

மற்ற இரண்டு கணினிகளின் கதை வேறு. அவை பல வருடம் பின்னுக்குப் போய் நின்றன. உள்ளே இருக்கும் நாணய அளவுப் பற்றரி செத்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, பெயரிலேயே அளவு இருக்கிறது. மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைக்கும். நெட் வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு இணையத்தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை செல்லுபடி என்று இருக்கும். கணினி பழைய வருடத்தில் நின்றால், இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்துத் தளத்தைத் திறக்க மறுக்கும். சாதாரணமாக நெட் வந்தவுடன் லினக்ஸ் நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் யாரோ ஒரு கடைக்காரர் கையால் நேரம் வைப்பதற்காகத் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்.

இன்னொரு தம்பி, தன் மடிகணினியில் 15.40 என்று இருக்கிறது, பிழை என்று கொண்டுவந்தார். அது பிற்பகல் 3.40தான், தம்பி. அமைப்புகளில் போய் 12 மணித்தியால முறைக்கு மாற்றினால் சரி.

நேர வலயம் கேட்கும் இடத்தில் கொல்கத்தாவைத் தெரிவு செய்கிறவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றுதானே என்று. இன்றைக்கு ஒன்றுதான். என் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும், 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பியது. மீதி அரை 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. பத்து வருடமாக "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டே கல்யாணத்துக்குப் போனோம். லினக்ஸுக்குள் இருக்கும் கொழும்பு வலயத்தில் இந்த மாற்றங்கள் எல்லாம் திகதியோடு பதிவாகியிருக்கின்றன. அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றின் நேரம் சரியாக வர வேண்டுமென்றால் கொழும்பையே தெரிவு செய்யுங்கள்.

இப்போது பள்ளிவாசல் விஷயம். தொழுகை நேரம் காட்டும் திரைகள் சிலவற்றின் பின்னால் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினி ஓடுகிறது. மலிவு, நல்ல சாமான். ஆனால் நான்காம் தலைமுறைவரை வந்தவற்றில் பற்றரி மணிக்கூடே கிடையாது. ஐந்தாவதில் மணிக்கூடு உண்டு, பற்றரியைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து மீண்டும் தொடங்கும். ஒரு மணித்தியாலம் கரண்ட் இல்லையென்றால் திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் பிந்தலாம். நெட் இருந்தால் திருந்திவிடும். இல்லையென்றால் திரை அதே நம்பிக்கையோடு பிழையான நேரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு அந்தத் திரையைப் பார்த்துச் சாப்பிடுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஸுப்ஹு நேரம் நுழைந்திருக்கும், திரையில் இன்னும் அவகாசம் இருக்கும். நோன்பு திறக்கப் பிந்துவதைவிட இது பெரிய விஷயம்.

இதற்கும் பெரிய செலவில்லை. டிஎஸ் 3231 என்ற சின்ன மணிக்கூட்டுப் பலகையை நாணயப் பற்றரியோடு பூட்டி, அதிலிருந்து நேரத்தை வாசிக்கச் சொல்லி ஒருமுறை அமைத்துவிட்டால் கரண்ட் போனாலும் நேரம் தவறாது. நிர்வாக சபையில் உள்ளவர்கள் திரை பூட்டித் தந்தவரிடம் கேளுங்கள்: "கரண்ட் போய், நெட்டும் இல்லாமல் வந்தால் என்ன காட்டும்?" பதில் தெரியாவிட்டால் ரவுட்டரை அணைத்து, திரையின் வயரைப் பதினைந்து நிமிடம் கழற்றிப் பாருங்கள். றமழானுக்கு முன்னர் செய்துவிடுவது நல்லது.

குழுமத்துச் சகோதரர்களிடம்: 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. நம் வாசிகசாலைக் கணினிகளுக்கு விண்டோஸ் 11 ஏறாது. இருக்கிற ஆறும் இன்னும் சில வருடம் ஓட வேண்டுமென்றால் லினக்ஸில்தான் ஓடும். இரண்டு பற்றரியும் நான்கு கணினிகளில் ஒரு வரியும்தான் செலவு. வசூலான காசில் உயர்தரம் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு மாதாந்த டேட்டா போட்டுக் கொடுக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் கதைப்போம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வாசிகசாலையில் இருப்பேன். மணிக்கூடு பிழையான மடிகணினி இருந்தால் கொண்டு வாருங்கள், சார்ஜரையும் மறக்காமல்.